கீழே இறங்காத கண்கள்

செங்கல்வராயன் யார் முகத்தையும் பார்த்துப் பேசாத மனுஷன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அவன் பேசினால் தரையோடு பேசுவது போலத்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் தலை நரைத்த பிறகு எதிரில் நிற்பவரைக் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? குப்பாயிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோற்றைத் தட்டுக்கு வெளியே பிசைந்தான். வாசற்படியில் இடறி விழுந்தான். சிப்பி கிழித்த பாதத்தில் அவள் துணி சுற்றிக்கொண்டு நொண்டியபோது, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளுக்குத் திமிர் வந்துவிட்டது, இல்லை எவளோ வந்துவிட்டாள் என்று அவளாகவே முடிவு கட்டி, அதற்கும் சேர்த்து அழுதாள்.

அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று ஊர் கூடிப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பேர். எல்லைக்கு நட்ட குச்சிகள் தண்ணீருக்கு மேல் கொஞ்சம்தான் தலை காட்டும். படகில் கூட வரும் மைத்துனன் ஆதிநாராயணன் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், செங்கல்வராயன் குச்சியைத் தாண்டிப் போய் இராமலிங்கத்துக்குப் பாடு விட்ட இடத்தில் வலையை இறக்கிவிட்டான்.

தப்புச் செய்தவன் ஊர்க்கூட்டத்தில் தரையைப் பார்த்து நின்று ஒப்புக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். செங்கல்வராயன் வாய் ஒப்புக்கொண்டது. கண் மட்டும் ஊர்த்தலைவர் துளசிராமன் முகத்திலேயே நின்றது. கீழே பார் என்றார்கள். பார்க்கிறேன் என்றான்; பார்க்கவில்லை. ஆதிநாராயணனுக்கு மானம் போயிற்று. எழுந்து வந்து அத்தானின் பிடரியைப் பிடித்து அழுத்தினான். தலை குனிந்தது. கண்களோ மேலே ஏறி, மறுபடியும் தலைவரையே பிடித்துக்கொண்டன. தலைவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மொறைச்சிக்கினே மன்னிப்பு கேக்குறியா? வெள்ளிக்கெழம கோயில்ல கங்கம்மா பாதத்தப் பாத்துக் கேளு. இல்லாங்காட்டி இந்த வருசம் உனக்குப் பாடு கெடையாது."

பாடு இல்லையென்றால் அடுப்பு எரியாது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்குக் கூலிக்குப் போகிறேன் என்று ஆதிநாராயணன் இப்போதே முனக ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்து குப்பாயி ஆடித் தீர்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செங்கல்வராயன் குழந்தை மாதிரி விழித்தான்.

"நான் எறங்குன்னுதான் சொல்றேன்மே. அது எறங்க மாட்டேங்குது."

அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது. மறுநாளே பஸ் ஏறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கீழே பார்க்கச் சொன்னார், நடக்கவில்லை. பிறகு பேனாவை அவன் கண்ணெதிரே பிடித்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். கண்கள் தயங்கித் தயங்கி அதன் பின்னாலேயே இறங்கின. குப்பாயி வாயைப் பிளந்தாள். இத்தனை நாள் நடித்தானா?

நடிப்பில்லை, கண்ணில் கோளாறும் இல்லை என்றார் டாக்டர். மூளையின் ஆழத்தில் சில முடிச்சுகள் இருக்கின்றனவாம். கண்ணைச் சும்மா கிட என்று அடக்கி வைப்பதும், வேண்டும்போது போ என்று அவிழ்த்துவிடுவதும் அவைதானாம். அங்கிருந்து கண்ணுக்குப் போகிற வழி கெட்டுவிட்டது. தானாக நினைத்தால் கண் நகராது. முன்னால் ஒன்று இழுத்துக்கொண்டு போனால் இப்போதைக்கு நகரும். மருந்து இன்னும் யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பாதி புரிந்தது, மீதி குழம்பியது. மூளை என்று ஊரில் வாயைத் திறந்தால் பைத்தியம் என்பார்கள். பைத்தியத்துக்கு யார் பாடு கொடுப்பார்கள்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஊரே நின்றது. பூசாரி கற்பூரம் ஏற்றினார். செங்கல்வராயன் அம்மன் முகத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். தலைவர் இராமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்; பாடு கைமாறப் போகிறது என்று அந்தப் பார்வையிலேயே குப்பாயிக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பூசாரி கையிலிருந்த தட்டை வாங்கினாள். பெண்பிள்ளை தட்டைத் தொடலாமா என்று யாரோ அதட்டினார்கள். அவள் காதில் விழவில்லை. சுடரைப் புருஷன் கண்ணெதிரே பிடித்தாள்.

"இத மட்டும் பாருய்யா."

தட்டு மெல்ல இறங்கியது. அவன் கண்கள் சுடரைப் பிடித்துக்கொண்டன. நடுவில் ஒரு தடவை சிக்கி நின்றன. அவளும் நின்று, மறுபடி இறக்கினாள். அம்மன் பாதத்தருகே தட்டை வைத்தபோது கண்களும் அங்கே வந்து சேர்ந்திருந்தன.

தப்புதான் தாயே என்றான். அவன் பாடு அவனுக்கே என்றார் தலைவர். இராமலிங்கமும் தலையாட்டினான். குப்பாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் செங்கல்வராயன் இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில், துணி அவிழ்ந்து, ஆறியும் ஆறாமலும் அவள் பாதம்.

"இன்னாமே இது, கால்ல இம்மாம் பெரிய காயம்? எப்ப ஆச்சு?"

மாதக்கணக்காக அவனைத் திட்டித் தீர்த்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் முன்னால் வந்து நின்றது.

"இப்பத்தான்யா," என்றாள்.