ஆறு வந்து உட்கார்ந்த பாட்டு

டோபின் சைஸ்மோர் இரண்டாவது பாட்டை எடுத்தபோது நடீன் காஃபிக் கோப்பையைக் கீழே வைக்கப் போனாள். முதல் வரி காதில் விழுந்ததும் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"ஆறு வந்து என் வீட்டில் உட்கார்ந்தது, நான் வாசலில் நின்றேன்."

இந்த வரியை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

நடீன் காடில் வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பவுண்ட் ஃபோர்க் ஊரில் பழைய வங்கியின் மாடியில் இருக்கும் வானொலி நிலையத்தில் சம்பளமில்லாமல் நிகழ்ச்சி நடத்துவாள். பெரிய இசைக் கம்பெனிகள் தொடாத பாட்டுகள் மட்டும்தான் அதில் வரும். சமையலறையிலும் கார் கொட்டகையிலும் பதிவு செய்து அனுப்புகிற பாட்டுகள்; நாட்டுப்பாட்டா ராக் இசையா என்று கேட்டால் அனுப்பியவர்களே விழிப்பார்கள். நடீன் போட்டால் நம்பிக் கேட்கலாம் என்று அந்த மலைப்பக்கம் முழுக்க ஒரு பேச்சு உண்டு.

டோபினை முதலில் வானொலியில் கேட்க வைத்ததும் அவள்தான். அவனுக்கு இப்போது இருபத்துநாலு வயது. ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இசைக் கம்பெனிகளின் ஊரான நாஷ்வில்லிலிருந்து வந்திருந்த வெண்டல் ப்ரைஸ் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருடைய கம்பெனியோடு டோபினுக்கு ஒப்பந்தம்.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தபாலில் ஒரு சிடி வந்திருந்தது. சாயங்கால டிரிப்புக்குக் காத்திருந்த பேருந்தில் அதைப் போட்டுக் கேட்டாள். ஒரு பெண் குரல், ஒரு கிதார், எங்கோ பின்னால் ஒரு நாய் குரைக்கிற சத்தம். பிள்ளைகள் ஏறுவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமையே போட்டுவிட நினைத்தாள். அதற்குள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எல்லாம் மறந்தது. சிடி 'போட வேண்டியவை' என்று எழுதிய பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த கோடையில் பெட்டிகளையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தந்தவன் டோபின்.

பாட்டு முடிந்தது. மைக் திறந்திருந்தது.

"இது எப்ப எழுதுன, டோபின்?"

"வெள்ளம் வந்த வருஷம். எங்கம்மா வீட்டு அடுப்படியில உக்காந்து ஒரே மூச்சுல எழுதுனேன்."

"ஒரே மூச்சுலயா?"

"சில பாட்டு அப்பிடித்தான், நடீனம்மா. தானா வந்து எறங்கிடும்."

அவள் கையிலிருந்த சிடிகளில் ஆக நீளமான பாட்டைத் தேடிப் போட்டாள். ஏழு நிமிடம் ஓடும். மைக்கை அணைத்தாள்.

"ஓமா டாக்கெட்னு ஒரு பேரு ஞாபகம் இருக்கா?"

அவன் கிதாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். திருகுவது நின்றது. காதுமடல் சிவந்தது.

"யாரு அது?"

"எங்கிட்டயே கேக்குறியா?"

அவன் ஒருமுறை கண்ணாடிப் பக்கம் பார்த்தான். ப்ரைஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டோபின் அவருக்குச் சிரித்துவிட்டு, உதடு அசையாமல் பேசினான்.

"அது பெட்டிக்குள்ள கெடந்துச்சு, நடீனம்மா. நீங்க போட்டீங்களா? இல்லையே. ஒரு ஈ காக்கா கேக்கல. நான் எடுத்துப் பாடலேன்னா அப்பிடியே மக்கிப் போயிருக்கும்."

அவன் சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதிதான் உறைத்தது.

எழுந்து அலமாரிக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தாள். உறை கிடைத்தது. உள்ளே சிடி இல்லை. ஆனால் தீவனக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிய கடிதம் அப்படியே இருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண். நிலையத்துத் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். பாட்டு முடிய இன்னும் நாலு நிமிடம்.

"வேண்டாம், நடீனம்மா," என்றான் டோபின். "திங்கக்கெழம கையெழுத்து. எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு."

எதிர்முனையில் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. "டாக்கெட் சலவைக்கடை."

"ஓமாவா? நான் நடீன் காடில். வானொலியிலிருந்து பேசுறேன்."

அந்தப் பெண் சொன்னாள்: "ரெண்டு வருஷமா நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"ரேடியோ கேட்டீங்களா?"

"இங்க எப்பவும் ஓடும். முத வரி வந்ததும் என் பாட்டைத்தான் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். துணி எடுக்க வந்தவங்ககிட்ட, சத்தம் போடாதீங்க, இது நான்தான்னு சொல்லிட்டேன். பாத்தா ஒரு பையன் குரல்." அவள் மூச்சு வாங்கினாள். "அவங்க முன்னாடி எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"இப்பவே போன்லயே பாடுறீங்களா? நான் நேரா ஒலிபரப்புறேன். உங்க பாட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"நான் எதுக்குப் பாடி நிரூபிக்கணும்? திருடுனது நானா? நான் பாடிக் கேட்டவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்களே சொல்லுங்க."

ஓமா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஒன்றரை நிமிடம் இருந்தது. சொன்னால், நடீன் தன் தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம்பி அனுப்பிய ஒருத்தியின் பாட்டைப் பெட்டியில் போட்டு மறந்தவள் என்று மலைப்பக்கம் முழுக்கத் தெரியும். இனி யார் அனுப்புவார்கள்? டோபின் கிதாரை நெஞ்சோடு அணைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் முன்பு வரை அவன் அவளுடைய பெருமை.

பாட்டு தேய்ந்து அடங்கியது. மைக்கைத் திறந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே," என்றாள் நடீன். "கொஞ்சம் முன்னாடி கேட்ட ஆத்துப் பாட்டு டோபின் சைஸ்மோர் எழுதுனது இல்ல. ஓமா டாக்கெட் எழுதுனது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அனுப்பிவச்சாங்க. கேட்டேன், அழுதேன், அப்புறம் போடாமலே விட்டுட்டேன். அது என் தப்பு. இன்னிக்கு நடந்தது வேற தப்பு." அவன் பக்கம் திரும்பினாள். "நீ ஏதாச்சும் சொல்றியா?"

கண்ணாடிக்கு அப்பால் ப்ரைஸின் கால் தாளத்தை விட்டிருந்தது. டோபின் மைக்கை நெருங்கினான்.

"மூணாவது சரணம் என்னோடது," என்றான் கடைசியில். "அது மட்டும் நான் எழுதுனது."

உண்மைதான். ஓமாவின் பாட்டில் இரண்டே சரணம். அவன் சேர்த்தது சுமார்தான் என்று நடீனுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

அவன் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு வெளியே போனபோது ப்ரைஸ் ஏற்கெனவே படியில் இறங்கியிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. டோபினின் அம்மா ஒருநாள் நடீனைத் தொலைபேசியில் அழைத்து, "டோபினோட அம்மா பேசுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஓமாவுக்கு நடீன் மூன்று கடிதம் எழுதினாள். நாலாவது சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், உயரமான ஒரு பெண் கிதாரோடு மாடியேறி வந்து நின்றாள். சலவைத்தூள் வாசனை அடித்தது.

"உக்காருங்க," என்றாள் நடீன். "அந்தப் பாட்டைத்தானே..."

"அது வேண்டாம். இன்னும் அந்தப் பையன் குரல்லதான் கேக்குது. கொஞ்ச நாள் போகட்டும்." ஓமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேற பதினோரு பாட்டு இருக்கு. உங்களை இன்னும் மன்னிக்கல, பாத்துக்குங்க."

"சரி."

"எது மொதல்லன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீங்களே பாடுங்க. நான் கேக்குறேன்," என்று நடீன் மைக்கை அவள் பக்கம் தள்ளினாள்.