தடுப்பில்லாத முன் சீட்

பழக்கதோஷத்தில் நான் இடப்பக்கம் ஏறிவிட்டேன், என் வீட்டுக்காரரும் தடியை ஊன்றி ஊன்றி வலப்பக்கம் போய் ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டார், இருவருக்கும் ஒரே நீளமான சீட், வெளியே பீளமேட்டுப் பழைய கார் சந்தை, ஓட்டக் கற்றுக்கொண்டு வந்திருப்பவள் நான் என்பதே மறந்துபோய்விட்டது, இதோ கல்யாணமான புதிதில் போல வால்பாறை மலை ஏறிக்கொண்டிருக்கிறோம், அதுவும் இதே போல அம்பாசிடர், இதே வெள்ளை, கியர் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருப்பதால் நடுவே தடுக்க ஒன்றுமில்லை, வண்டி இடப்பக்கம் வளைந்தால் நான் வழுக்கிப் போய் அவர் தோளில் இடிப்பேன், கதவைப் புடிச்சுக்க அம்மிணி என்பார், நான் எங்கே பிடித்தேன், அடுத்த வளைவு எப்போது வரும் என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன், புதுப்பெண். பிறகு வந்த வண்டிகளிலெல்லாம் தனித்தனி சீட், நடுவில் கியர், ஹேண்ட்பிரேக், பக்கவாதம் வந்து அவருடைய இடது கையும் காலும் விழுந்த பிறகு வண்டியே இல்லை, அடுத்தவன் கார்ல மூட்டையாட்டம் ஏத்துவாங்க, நான் வரலை என்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், அதற்காகவே இந்த வயதில் எனக்கு டிரைவிங் ஸ்கூல், இன்று கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் கூட்டி வந்தேன், நான் ஓட்டுகிற வண்டியிலும் ஏற மாட்டேன் என்றால் இனி அவர் வீட்டைவிட்டு வெளியே வரப்போவதில்லை.

ஏனுங்கக்கா, என்று சந்தைக்காரர் மாசிலாமணி ஜன்னலில் குனிகிறார், ரெண்டு வண்டியையும் பார்த்துட்டீங்க, இது எனக்கே மூத்த வண்டி, பக்கத்துல நிக்கிற அந்தச் சின்னது அஞ்சாறு வருசந்தான் ஆச்சு, கிளட்ச்சே இல்லீங்க, ஆக்சிலேட்டரை மிதிச்சாப் போயிரும். எனக்கோ இந்த அம்பாசிடர்தான் வேண்டும், கிளட்சை மிதித்தால் முட்டி வலிக்கும், வலிக்கட்டும், இனி இடப்பக்கம் வளைந்தால் அவர் என் மேல் வந்து சாய்வார், வெட்கக்கேடு, அந்த ஆசைதான். ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தவர் வலது கையை ஊன்றி, சீட்டிலேயே நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வருகிறார், தோளோடு தோள் இடிக்கிறது, அந்தச் சின்னதையே எடுத்துக்கலாம் அம்மிணி, என்கிறார் குழறலாக. ஏனுங்க, இது புடிக்கலீங்களா. புடிக்காம என்ன, இதுல நீ ஓட்டுனா எனக்குக் கை சும்மா இருக்காது, அதை மாத்து இதை மிதின்னு உன் உசுரை எடுப்பேன், அதுன்னா எனக்கு ஒண்ணுந் தெரியாது, பேசாம உக்காந்துக்குவேன்.

மாசிலாமணி சாவியை நீட்டுகிறார், என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே சின்ன வண்டியின் இடப்பக்கக் கதவுக்குப் போகிறார், பெல்ட்டை நான்தான் மாட்டிவிடுகிறேன், வண்டி சத்தமே இல்லாமல் பின்சந்துக்குள் நகர்கிறது, இடப்பக்கம் வளைக்கிறேன், பெல்ட் அவரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, துளியும் சாயவில்லை, எனக்கு அழுகை முட்டுகிறது, அப்போது, பேசாமல் வருவதாகச் சொன்னவர், ஹாரன் அடி, என்கிறார். ஆருமே இல்லீங்களே. இல்லீன்னா என்ன, வளைவுல அடிக்கோணும், அடி, என்கிறார், நோய் வந்த நாளிலிருந்து நான் கேட்காத அந்த அதட்டல், நான் வெறும் சந்தில் ஹாரனை அடித்துக்கொண்டே போகிறேன்.