மாறிப்போன போல்ட்டுகள்

டெல்மர் ஸ்காக்ஸ் என் கடைக்குச் செவ்வாய்க்கிழமை வருவார். ஆர்வில் டீக் வியாழக்கிழமை. இந்த ஏற்பாடு நான் செய்ததல்ல, அவர்களாகவே பிரித்துக்கொண்டது. இரண்டு வருடங்களுக்கு முன் சார்ல்ஸ்டன் துப்பாக்கிக் கண்காட்சியில், ரைஃபிள் முனையில் மாட்டும் பழைய ராணுவக் கத்தி ஒன்றை ஆர்வில் பார்த்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்கக் காருக்குப் போனார். திரும்பி வருவதற்குள் டெல்மர் அதை வாங்கிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. சர்ச்சில்கூட ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம்.

நான் விற்பது ராணுவங்கள் கழித்துப்போட்ட ரைஃபிள்கள். எந்த நாடு கிடங்கைக் காலி செய்தாலும் அதில் நாலு பெட்டியாவது எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைக்கு வந்து சேர்ந்துவிடும். கெட்டிக் கிரீஸில் முக்கி எடுத்ததுபோல வரும். அதைக் கழுவித் துடைத்து, வாங்குகிறவர் படிவம் நிரப்பி, அவர்மேல் வழக்கு ஏதும் இல்லையென்று அரசாங்க அலுவலகத்திலிருந்து போனில் பதில் வந்தபிறகு கையில் கொடுப்பேன்.

போன வருடம் யுகோஸ்லாவியப் பெட்டி ஒன்று வந்தது. டெல்மர் ஒன்று வாங்கினார், ஆர்வில் ஒன்று. இரண்டிலும் ஒரு குறை. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட்டில் ஓர் எண் இருக்கும். ரைஃபிளின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் சேகரிப்பவர்களுக்கு நிம்மதி. டெல்மருடைய ரைஃபிளின் எண் 12-இல் முடிந்தது, போல்ட்டின் எண் 40-இல். அதைச் சொல்லிப் புலம்பாத செவ்வாய்க்கிழமை கிடையாது. கிடங்கிலேயே எவனோ மாற்றிப் போட்டிருப்பான் என்று நான் சமாதானம் சொல்வேன். ஆர்வில் ஒரேயொரு தடவை தன்னுடையதும் ஒட்டவில்லை என்று சொன்னார். அவருக்கும் அதே பதில்தான்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை ஆர்வில் தன் துப்பாக்கிகளின் பட்டியலை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். இன்ஷூரன்ஸுக்கு நான் மதிப்புப் போட்டுத் தரவேண்டும். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ரைஃபிள் 40, போல்ட் 12.

எனக்குக் காது சூடாகிவிட்டது. யுகோஸ்லாவியாவில் யாரும் எதையும் மாற்றவில்லை. அந்த இரண்டு ரைஃபிள்களையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவியவள் நான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேசியபடியே போல்ட்டுகளைத் திரும்ப மாட்டியவளும் நான்தான்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று சொன்னதும், செவ்வாயன்று டெல்மர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். வியாழனன்று ஆர்வில் கொடுக்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவர், எனக்கும் நடத்தியவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எண்ணெய் போட எனக்குத் தெரியாதா வாண்டா? என்ன விஷயம், சொல்லு."

பதினாறு வயதில் நின்றதுபோலவே நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அப்போ ஒரு வருஷமா என்னோட போல்ட் அந்த ஆள் வீட்லயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு, சனிக்கிழமை அவனையும் வரச்சொல், கண்ணெதிரே மாற்று, என்றார்.

டெல்மரிடமும் போனில் ஒப்புக்கொண்டேன். வருகிறேன், ஆனால் அந்த ஆளோடு பேசமாட்டேன் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை உள்ளே காரக் கறித்துண்டு வைத்துச் சுட்ட எங்கள் ஊர் பன், பெப்பரோனி ரோல், ஒரு தட்டு நிறைய வாங்கி வைத்திருந்தேன். இருவரும் கவுண்டரின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். நான் போல்ட்டுகளைக் கழற்றி நடுவில் வைத்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை. டெல்மர் என்னைப் பார்த்து, ஆனால் ஆர்வில்லுக்குக் கேட்கும்படி, சொன்னார்:

"அவர் இதால எத்தனை மான் அடிச்சார்னு கேளு."

"மூணு," என்றார் ஆர்வில், அவரும் என்னிடமே.

"என் போல்ட்ல அடிச்ச மான். அதுல பாதிக் கறி எனக்கு வரணும்."

"தாராளமா. அந்தக் கத்திலயும் பாதி என்னோடது. நடுவுல வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லும்மா."

டெல்மர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது. ஆர்வில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

அப்புறம் டெல்மர் நேராக அவரையே பார்த்துச் சொன்னார், குரல் இறங்கியிருந்தது. "நீ கண்ணாடி எடுக்கத்தான் போனேன்னு எனக்குத் தெரியும், ஆர்வில். தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"தெரியும்," என்றார் ஆர்வில். "வீட்டுக்குப் போய் நாலு நாள் உன்னைத் திட்டினேன். அஞ்சாவது நாளே சலிச்சுப்போச்சு. நீதான் போன் பண்ணல."

"நீயும்தான் பண்ணல."

அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் ரோலுக்குக் கை நீட்டினார்கள்.

போல்ட்டுகளை மாற்றி மாட்டி, அளவு பார்க்கும் கருவியை வைத்து இரண்டும் சரியாகப் பூட்டுகிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். எண்கள் பொருந்தியதைப் பார்த்ததும் டெல்மர் தன்னுடையதைக் குழந்தையைப்போலத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மத்தியானமே இருவரும் ஒரே வண்டியில் பழைய கல்குவாரிக்குச் சுட்டுப்பார்க்கப் போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது யார் நன்றாகச் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் இரண்டையும் நம்பவில்லை.

மே மாதம் ருமேனியாவிலிருந்து அடுத்த பெட்டி வந்தது. சொல்லாமலே இருவரும் வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு ஏப்ரனோடு. டெல்மர் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றினார். ஆர்வில் ஒவ்வொரு போல்ட்டிலும் சீட்டு எழுதி நூலால் கட்டினார். நான் கிட்டே போனால், போய்க் காபி போடு என்று விரட்டினார்கள்.