எந்த வீட்டுக் கரண்ட்

கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். நான் வாசலுக்குப் போய் மின்கம்பத்தைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் தங்கமுத்து இடுப்புக் கயிற்றில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருப்பார். என் கண்ணுக்கு மட்டும்தான்.

அறந்தாங்கியில் லைன்மேனாக இருந்தார். கஜாப் புயலுக்குப் பிறகு ஊரே இருண்டு கிடந்தபோது, சப்ளை இல்லாத லைன் என்று நம்பி எங்கள் தெருக் கம்பத்தில் ஏறினார். ஏதோ ஒரு வீட்டில் மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் கம்பிக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வந்து கேட்டபோது தெருவே ஒரே குரலில் இல்லை என்றது. அந்த வீடுகளில்தான் இன்றைக்கும் சர்க்கரை கைமாற்று வாங்குகிறேன், கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறேன். எந்த வீடு என்று தெரிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் வெறுத்திருப்பேன். தெரியாததால் தெரு முழுவதையும் வெறுத்துத் தொலைக்கிறேன்.

என் மகன் கோபிநாத் துபாயிலிருந்து வந்து பேட்டரி கார் வாங்கினான். கரண்ட் போனால் காரிலிருந்தே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். எலக்ட்ரீஷியன் ஆத்மநாதன் வந்து பார்த்தார். வயரிங் பழசு, மாற்ற வேண்டும், தனி போர்டு வேண்டும், எர்த் குழி வேண்டும், கார் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய்விடாமல் தடுக்க சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும் என்றார். எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. காருக்கு லட்சலட்சமாக முகம் சுளிக்காமல் கொடுத்தவன் இதைக் கேட்டதும் எதுவும் வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டான். அந்தச் சுவிட்சையாவது போடச் சொல்லி நான் மல்லுக்கு நின்றேன்.

"நாந்தானம்மா மாட்டப்போறேன். மெயின எறக்காம மாட்டுவனா? அப்பாவுக்கு ஆனது எனக்குத் தெரியாதா?" என்றான்.

ஒரு முனை காருக்கு, மறு முனை வீட்டுச் சுவர் பிளக்குக்கு என்று இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றை அவனே செய்து கார் ஷெட்டில் ஆணியில் தொங்கவிட்டான்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் வேப்பமரம் முறிந்து கம்பி அறுந்தது. எங்கள் வீடும் பக்கத்தில் நாலைந்து வீடுகளும் தெரு லைனிலிருந்து தனியாகத் துண்டாகிவிட்டன. தங்கமுத்து படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு அணைந்தது. அது அணைந்தால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியாது. கடைத்தெருவுக்குப் போயிருந்த கோபிநாத் திரும்பி வந்தவுடன், "ஒங்கப்பா இருட்டுல நிக்கிறாருடா, சீக்கிரம் போ" என்று விரட்டினேன். நனைந்துகொண்டே ஷெட்டுக்கு ஓடினான். பல்பு எரிந்தது.

எரிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. வாசலுக்குப் போய்க் கம்பத்தைப் பார்த்தேன். தங்கமுத்து தொங்கிக்கொண்டிருந்தார். ஆனால் கால் உதறியது. இத்தனை வருஷத்தில் அவர் கால் ஒருநாளும் உதறியதில்லை.

கம்பத்தடியில் யாரோ அலறினார்கள். எனக்கு உறைத்தது. உள்ளே ஓடினேன். மெயின் இறக்கப்படாமலே இருந்தது. அடித்து இறக்கினேன்.

மேலே இருந்தது மரியசெல்வம், தங்கமுத்திடம் வேலை பழகிய லைன்மேன்; அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட ஏறியிருந்தார். கீழே இறக்கினார்கள். உள்ளங்கை கருகியிருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபிநாத் ஷெட்டிலேயே நின்றான். அவசரத்தில் மெயினை இறக்க மறந்துவிட்டானாம். அவசரப்படுத்தியது நான்தான். அந்த வயரை நானே பிடுங்கிச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் திணித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மரியசெல்வம், யார் வீட்டுக் கரண்ட் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார். ஒரு வீட்டில் இன்வெர்ட்டர், இன்னொரு வீட்டில் ஜெனரேட்டர். எல்லாரும் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார்.

என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான் எனக்குள் இருந்தது. வாய் தானாகப் பேசியது.

"இங்கிட்டு இல்ல தம்பி."

தங்கமுத்து செத்த அன்றைக்கும் ஒருத்தி பிள்ளையை உள்ளே நிறுத்திவிட்டு இப்படித்தான் வாசலை மறைத்து நின்றிருப்பாள். அவள் முகம் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது, என் முகம்தான்.

"தெரியும் அண்ணி. தங்கமுத்தண்ணன் வீட்ல அப்புடி நடக்குமா? வரிசையாக் கேக்கணுமேன்னுதான் கேட்டேன்" என்றார் மரியசெல்வம். சுற்றிய துணியோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.