மனுதாரரின் பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் சட்டக் கல்லூரியில் படிக்கும் எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். வயது, வீட்டுப் பெயர், தபால் நிலையம் உட்பட ஒப்பித்துவிடும்.

இரிஞ்ஞாலக்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இந்தி டீச்சர். எனக்கு விவாகரத்து ஆனபோது மகள் ஐரினுக்கு மூன்று வயது. அவள் அப்பா சாஜன் அந்த வழக்கில், பிள்ளை தன்னுடையதே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அவருடைய பிள்ளைதான் என்று வந்தது. நீதிபதி அவரை நாலு வார்த்தை கடிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். எல்லாம் அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். கோர்ட்டில் வரும் தீர்ப்புகளை ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டு வைக்கும் இணையதளம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் சொன்னார்கள். ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் 'டி.என்.ஏ. டீச்சர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். என்னைப் பற்றி ஊர் பேசினால் பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் பயம் வேறு.

சாஜன் சவுதியில், தம்மாமில் வேலை செய்கிறார். வேறு கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் மகளிடம் பாசமாகத்தான் இருந்தார், அதை மறுக்க மாட்டேன். சோதனை முடிவு வந்த பிறகு வந்த பாசம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என் போனை வாங்கி, "பப்பா, கேளுங்க" என்று ஆரம்பித்து அந்த வாரக் கதை முழுவதையும் பேசி அனுப்புவாள் ஐரின். அவர் பதிலுக்குச் சிரித்து அனுப்புவதை மூன்று தடவை போட்டுக் கேட்பாள். தன்னை வேண்டாம் என்று சொன்ன வாய் அது என்று அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்போது அவள் ஏழாம் வகுப்பு. எட்டுக்குப் போனதும் சொந்தமாக ஒரு போன் அனுப்புவதாகப் பப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் அந்தத் தீர்ப்பு போய்விட வேண்டும்.

இணையதளத்துக்கு எழுதினேன். 'கோர்ட் ஆவணத்தைக் கோர்ட் உத்தரவில்லாமல் நீக்க இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்படித்தான் எர்ணாகுளத்துக்கு, இணைய உரிமைக்காகப் போராடும் ஒரு அமைப்பிடம் போய்ச் சேர்ந்தேன்.

கலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. 'இங்கே யாரையும் படம் எடுக்காதீர்கள்' என்று கதவில் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணிலும் ஒரு ஸ்டிக்கர். பேச உட்காருமுன் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். வருகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம்கூட அங்கே கிடையாது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று எனக்குக் கண் கலங்கியது.

"சேச்சி, உங்களுக்கு மறக்கப்படும் உரிமை இருக்கு" என்றான் பிஜோய். அந்த அமைப்பின் வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது, தாடி மட்டும் ஐம்பது வயதுக்குரியது.

"உரிமை இருக்கறது சரி மோனே. மத்தவங்க மறக்கணுமே."

மூலையில் உட்கார்ந்திருந்த ரசியா சிரித்தாள். முன்பு பத்திரிகையில் நிருபராக இருந்தவள். அதே அமைப்பில் இருந்துகொண்டு பிஜோயோடு சண்டை போடுவதற்கென்றே பிறந்தவள்.

"எடா, இன்னைக்கு டீச்சருக்காக ஒரு தீர்ப்பை மறைப்பே. நாளைக்கு லஞ்சம் வாங்கின மந்திரி வந்து, எனக்கும் மறதி குடுங்கன்னு வரிசையில நிப்பான். அவன்கிட்ட என்ன சொல்லுவே?"

"அதுக்காக ஒரு பச்சைப் பிள்ளையோட பிறப்பு ஊர்ச்சொத்தா?"

"கோர்ட்டுன்னா நாலு பேரு பாக்க நடக்கணும். கதவைச் சாத்திட்டு நடத்தினா அதுக்குப் பேரு குடும்பச் சண்டை."

"இதுவே குடும்பச் சண்டைதானேடீ!"

கீழே பேக்கரியிலிருந்து வந்த பழம்பொரி ஆறிப் போகும்வரை என் தலைக்கு மேலே பந்து விளையாடினார்கள். அமெரிக்காவில் இப்படி, ஐரோப்பாவில் அப்படி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் மந்திரியும் இல்ல, ஐரோப்பாவும் இல்ல. ஏழாங்கிளாஸ் பிள்ளைக்கு அம்மா. ஜூன் மாசத்துக்குள்ள முடியுமா, முடியாதா?"

"முடிச்சுடலாம் சேச்சி" என்றான் பிஜோய். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்காக வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மனு தயாராகிக் கையெழுத்துக்கு வந்தது. முதல் பக்கத்தில் முதல் வரியிலேயே நான் இருந்தேன். பெயர், வயது, இன்னாருடைய மகள், வீட்டுப் பெயர், தபால் நிலையம், தாலுக்கா. எங்கள் ஊர்க் கோர்ட் வழக்கம் அது. அப்படி எழுதினால்தான் மனு.

"பேரு போடாம முடியாதா?" என்று கேட்டேன்.

"பேரில்லாம யாரு சேச்சி கேஸ் போடுவா, யட்சியா?" என்று சிரித்தான். "பேரை மறைக்கத் தனியா ஒரு மனு போடலாம். இப்பவே சேத்தா கோர்ட் ஆபீஸ்ல அது சரியில்ல, இது சரியில்லன்னு திருப்பிடுவாங்க. முதல்ல கேஸுக்கு நம்பர் விழட்டும். அதை அப்புறம் போட்டுக்கலாம்."

"அதைத்தான்டா முதல்ல போடணும்" என்றாள் ரசியா.

"நீ எதிர்க்கட்சி, பேசாம இரு."

நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. வழக்கு கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் சங்கம் எதிர்த்து ஒரு மனு போட்டது. பெண்கள் அமைப்பு ஒன்று ஆதரித்து ஒரு மனு போட்டது. டெல்லியிலிருந்து பெரிய வக்கீல்கள் வந்தார்கள். டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு தலை உட்கார்ந்து என் வழக்கைப் பற்றிக் கத்தியது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சுவரொட்டி பார்த்தேன். என் பெயரைப் போட்டு, 'டீச்சருடன் நிற்போம்' என்று எழுதி, கீழே இந்த அமைப்பின் முத்திரை. கேமராக் கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற அதே கைகள்! நின்ற இடத்திலேயே போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"கோழிக்கோட்டுப் பசங்க பண்ணினது சேச்சி. ஆர்வக்கோளாறு. கிழிக்கச் சொல்றேன்" என்றான் பிஜோய்.

மார்ச் மாதம் ஜெயித்தோம். கலூர் மாடியில் லட்டு கொடுத்தார்கள். 'ஒருவருடைய கடந்த காலம் அவர் வீட்டு வாசலில் நிரந்தரமாகக் காவல் நிற்கக் கூடாது' என்று நீதிபதி எழுதியிருந்தார். நல்ல வரிதான். எல்லாரும் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். வரிக்குக் கீழே வழக்கின் பெயர், அதாவது என் பெயர்.

அந்த வாரமே பழைய தீர்ப்பை இணையதளம் எடுத்துவிட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை. உட்கார்ந்து அழுதேன். ஐரினுக்குப் பொரோட்டாவும் பீஃபும் வாங்கிக்கொண்டு போனேன். "என்ன விசேஷம் அம்மே?" என்றாள். "சும்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

மறுநாள் புதிய தீர்ப்பு இணையத்தில் ஏறியது. எதை மறைக்க வேண்டும், ஏன் மறைக்க வேண்டும் என்று விளக்குவதற்காக நீதிபதி அத்தனையையும் எடுத்து எழுதியிருந்தார். சாஜன் சொன்னது, ரத்தம் எடுத்தது, பிள்ளையின் வயது, எல்லாம். முதல் பக்கத்தில் என் வீட்டுப் பெயரும் தபால் நிலையமும். முன்பு ஏதோ ஒரு மூலையில் கிடந்த சங்கதி. இப்போது சட்டப் பத்திரிகைகள், நாளிதழ்கள், கல்லூரிப் பாடங்கள் என்று தடுக்கி விழுந்த இடமெல்லாம் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. லட்டு வேறு கொடுத்தான்.

பிஜோய் ஓடிப்போய்ப் பெயரை மறைக்க மனுப் போட்டான். தீர்ப்பு வெளியாகி எல்லா இடத்திலும் மேற்கோளாகிவிட்டது, இனிமேல் அதன் தலைப்பை மாற்ற முடியாது என்று தள்ளிவிட்டார்கள். மாடிக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது இப்போ உங்க கேஸ் மட்டும் இல்ல சேச்சி. எத்தனையோ பேருக்கு வழி திறந்திருக்கு. இந்த மாசமே நாலஞ்சு பேரு வந்துட்டாங்க."

"அவங்க பேரெல்லாம்?"

"மறைச்சுத்தான் போட்டோம்."

"அது எப்படித் தெரிஞ்சுது?"

தாடியைத் தடவினான். "உங்க கேஸ்லதான் சேச்சி கத்துக்கிட்டோம்."

ரசியா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணை ஒளிக்கணும்னா சத்தம் போடாம ஒளிக்கணும் டீச்சரே. நாங்க சத்தம் போடற ஜாதி. எங்ககிட்ட வந்திருக்கவே கூடாது" என்றாள். அந்த மாடியில் எனக்கு உண்மை சொன்னவள் அவள் ஒருத்தி. என் பக்கம் பேசாதவள்.

ஜூனில் பப்பாவின் போன் வந்தது. நீல நிற உறை போட்டிருந்தது. ஓணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. இனி அறைக்குள் போய்ப் பேசுவாள், பெண் வளர்கிறாள் என்று நினைத்தேன்.

நவம்பரில் அவள் பள்ளியில் பட்டிமன்றம். 'இணையத்தில் தனியுரிமை: தேவையா, தடையா?' என்று தலைப்பு. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள்.

"நீ எந்தப் பக்கம் மோளே?"

"வந்து பாருங்க."

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஐரின் எதிர்ப்பக்கம். மறைப்பது தவறு, எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று பேச வேண்டியவள். அவள் முறைக்கு முன்னால் ஒரு பையன் எழுந்தான். கண்ணாடி போட்ட நல்ல பிள்ளை. 'ஒருவருடைய கடந்த காலம் அவர் வீட்டு வாசலில்' என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டு, அந்தப் புகழ்பெற்ற வழக்கின் பெயரையும் சொன்னான். என் பெயரை அவ்வளவு மரியாதையோடு யாரும் உச்சரித்ததில்லை. அரங்கில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து ஐரின் மட்டும் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் எழுந்து ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"என் நண்பர் சொன்ன அந்தத் தீர்ப்பை நான் முழுசா வாசிச்சிருக்கேன். அதுல ஒரு பிள்ளை வருது. அம்மாவுக்கு என்ன வேணும்னு கோர்ட் கேட்டுச்சு. அப்பா என்ன சொன்னார்னு எழுதினாங்க. பத்திரிகைக்காரங்ககிட்டகூடக் கேட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியணும்னு அந்தப் பிள்ளைகிட்ட யாருமே கேக்கல. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது அதுக்கு மட்டும் தெரியாது. இதுக்குப் பேர்தான் தனியுரிமையா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவளுக்குத்தான் முதல் பரிசு. ஒரு ஃபிளாஸ்க்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க் மடியில் இருந்தது.

"எப்போ படிச்சே?"

"ஓணம் லீவுல. ஸ்கூல் புராஜெக்ட்டுக்காகத் தேடினேன். முதல்ல வேற யாரோன்னு நினைச்சேன். நம்ம வீட்டுப் பேரு இருந்துச்சு அம்மே. தபால் ஆபீஸ்கூட."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மோளே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

கண்டக்டர் வந்தார், டிக்கெட் வாங்கினேன், அவர் போனார்.

"பப்பாகிட்ட கேட்டேன்" என்றாள் வெளியே பார்த்துக்கொண்டே. "பப்பா, நீங்க அப்படிச் சொன்னீங்களா, இல்லன்னு சொன்னா நம்பிடுவேன்னு பேசி அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு."

"அப்புறம்?"

"மறுநாள் பப்பாவோட போட்டோ காணோம். என்ன அனுப்பினாலும் போகல. பிளாக் பண்ணிட்டார்."

அவள் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டேன். மரக்கட்டை போல இருந்தாள். அழுதால் தேவலை, அழவும் இல்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அம்மே, அந்தக் கேஸ்ல நீங்க ஜெயிச்சீங்கதானே?"

"ஆமாம்."

"அப்போ பப்பாவும் போய்க் கேட்டா, என்னையும் மறந்துக்கலாமா?"

அந்தத் தீர்ப்பை நான் வரிக்கு வரி மனப்பாடமாகப் படித்தவள். அதில் இதற்குப் பதில் இல்லை.