பதினான்கு விநாடி

காலை ஏழரை மணிக்கு அப்பா தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த அமைச்சருக்குக் கைதட்டினார். தனி ஆளாக, சோபாவில் சாய்ந்து, பனியனோடு. ‘நில்லாமல் செல்வோம்’ திட்டத்தால் நகரத்தில் வண்டிகள் காத்திருக்கும் நேரம் பாதியாகிவிட்டது என்று அமைச்சர் சொன்னார். பக்கத்து அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த என் மனைவி, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“மாமா, அமைச்சர் பேசறது என் பசங்களுக்கும் கேக்குதாம். பின்னத்தை விட்டுட்டு அவருக்கே ஓட்டுப் போடட்டுமான்னு கேக்கறாங்க.”

“போடச் சொல்லும்மா. விவரமான பிள்ளைங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பார்வைக்கு மூன்று வாரமாக ஒரே அர்த்தம்தான்.

மூன்று வாரம் முன்புவரை வீடு இப்படி இல்லை. தினமும் காலையில் அப்பா எதிர்ச்சாரியில் இருக்கும் பேப்பர் கடைக்குப் போவார். கடைக்காரருக்கு அப்பா வைத்த பெயர் ‘எதிர்க்கட்சி’. பதினோரு வருடமாக இருவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. விலைவாசியிலிருந்து வெளியுறவுவரை கத்தித் தீர்த்துவிட்டு, பத்து மணிக்குத் தொண்டை கட்டி, முகம் மலர்ந்து திரும்புவார். இப்போது கடைக்குப் போவதில்லை. கேட்டால், “அவன் பேச்சுல சரக்கு தீர்ந்துபோச்சுடா” என்பார். எதிர்க்கட்சிக்குப் போய்ச் சேர வேண்டியதெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது.

நான் சிக்னல் பிரிவில் வேலை செய்கிறேன். அமைச்சரின் திட்டத்தை ரோட்டில் இறக்குவது என் கைதான். அதனால் அன்றும் விளக்காமல் இருக்க முடியவில்லை. ரொட்டித் தட்டைச் சந்திப்பாகவும், இரண்டு கரண்டிகளைச் சாலைகளாகவும் வைத்தேன்.

“அப்பா, சிவப்பு பச்சைன்னு சிக்னல் ஒரு சுத்துக்கு மொத்தமே நூத்திருபது விநாடி. அதுக்கு மேல காசு குடுத்தாலும் கிடைக்காது. வண்டிக்கு அதிகமா குடுத்தா வேற யாருகிட்டயோ பிடுங்கணும். நடக்கறவங்ககிட்டதான் பிடுங்கினோம். நம்ம வாசல் ரோடு பதினாறு மீட்டர் எண்பது. முன்னாடி ஒருத்தர் விநாடிக்கு எண்பது சென்டிமீட்டர் நடப்பார்னு கணக்கு. இருபத்தோரு விநாடி வந்துது. இப்ப ஒரு மீட்டர் இருபதுன்னு வெச்சுக்கச் சொல்லிட்டாங்க. பதினாலு.”

“நாடே வேகமாப் போகுது. ஜனங்க மட்டும் அன்னநடை நடந்தா எப்படி? உங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஒரு நொட்டை. கரண்டியை எடு, நான் சாப்பிடணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இருபத்தொன்றை அழித்துப் பதினான்கை அடித்தவன் நான். பிளாட்பாரத்தில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, நான்கு இலக்க ரகசிய எண் போட்டு, இரண்டு பொத்தான்களை அழுத்தினேன். கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கே பிடிக்காத வேலையை நான் செய்ய, அதற்கு வீட்டில் உட்கார்ந்து கைதட்ட ஓர் ஆள்.

சனிக்கிழமை மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “இன்னைக்கு அவரைக் கடைல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. இல்லேன்னா நான் போய் எதிர்க்கட்சிகிட்ட வேலைக்குச் சேந்துடறேன்.”

அப்பாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். எங்கள் வாசலிலிருந்து முப்பது அடியில் ரோட்டைக் கடக்கும் வரிக்கோடு. பச்சை மனிதன் உருவம் எரிந்தது. அப்பா நகரவில்லை, கம்பத்தில் ஒட்டியிருந்த மேசை நாற்காலி விற்பனைச் சுவரொட்டியைக் கவனமாகப் படித்தார். அணைந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எரிந்தது. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில் இருந்தது.

“வாங்கப்பா, போலாம்.”

“அவசரம்னா நீ போ.”

நான் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். மூன்றாவது முறை அவர் இறங்கினார். கண்ணில் பட்ட எதையும் எண்ணுவது என் தொழில் வியாதி. வெள்ளைப் பட்டையும் இடைவெளியுமாக ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர், மொத்தம் இருபத்தெட்டு. இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, பிறகுதான் அடுத்த அடி. எப்போதிலிருந்து இப்படி நடக்கிறார்? பதினோராம் விநாடியில் பச்சை மனிதன் மின்னத் தொடங்கினான். அப்பா அப்போதுதான் பாதியைத் தாண்டியிருந்தார். ஒரு பேருந்து உறுமிக்கொண்டு மூக்கை முன்னால் தள்ளியது. அவர் நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், திரும்பினார். நான் கையை நீட்டி வண்டிகளை மறித்துக்கொண்டு ஓடி, அவரை வீட்டுப் பக்கமே கூட்டிவந்தேன். ஹாரன் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பச்சை மின்னியபோது அவர் தாண்டியிருந்தது பதினைந்து, அதாவது பதினொரு விநாடியில் ஒன்பது மீட்டர். விநாடிக்கு எண்பது சென்டிமீட்டர் சொச்சம். பழைய கணக்கு ஏறக்குறைய என் அப்பாவின் அளவெடுத்துத் தைத்தது போல இருந்திருக்கிறது.

எதிர்ச்சாரியில் கடைக்காரர் வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டினார். அப்பா பார்க்காததுபோல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

“நேரம் பத்தலைல்லப்பா?”

“தாராளமா இருக்கு. எனக்குத்தான் இன்னைக்குப் போக இஷ்டமில்ல.”

“பஸ் உங்க மேல ஏறியிருக்கும்!”

“டிரைவர் சரியில்லடா. திட்டத்தைச் சொல்லாத.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஊழியன் நினைத்தால் ஒரு விநாடியைக்கூட மாற்ற முடியாது. அந்தச் சந்திப்பைப் பயன்படுத்தும் ஒருவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வந்துவிட்டால் ஏழு நாளில் நேரில் அளந்தாக வேண்டும். அளந்தால் பதினான்கு நிற்காது, எனக்குத் தெரியும். ஊழியன் வீட்டாரும் எழுதலாமா என்று மேலாளரைக் கேட்டேன். “அவர் ரோட்டைக் கடக்கறவர்தானே?” என்றார். திங்கட்கிழமை மாலை படிவத்தைக் கொண்டுவந்து தொலைக்காட்சி ரிமோட்டின் கீழே வைத்தேன். அங்கே வைத்தால்தான் அப்பா கண்ணில் படும்.

படித்தார். “ஓட்டுப் போட்டவனே புகார் எழுதணுமா? எதிர்க்கட்சிக்குத் தெரிஞ்சா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவான்.”

“அவர் சொல்லிக் காட்டறதுக்காவது நீங்க அங்க போகணுமே மாமா,” என்றாள் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பா வெகுநேரம் விவாத நிகழ்ச்சியைப் பார்த்தார். பிறகு, மூன்று வாரத்தில் முதல் முறையாக, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பேனா கேட்டார். திரையில் நான்கு பேர் ஊமைகளாகக் கைநீட்டிச் சண்டை போட்டார்கள். நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: ‘எதிர்ச்சாரி பேப்பர் கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. நடை தளர்ந்துவிட்டது. பாவம், அவரால் இந்தப் பக்கம் வர முடியவில்லை.’

கடைக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. காலையில் பேப்பர் கட்டுகளைத் தோளில் சுமந்து ஓடுபவர்.

“பயன்படுத்தறவர்தான்பா கையெழுத்துப் போடணும்,” என்று விளக்கத் தொடங்கினேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

அப்பா பேனாவைக் கையெழுத்துக் கோட்டுக்கு மேலே பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். கீழே வண்டிகள் நின்றன. பச்சை மனிதன் எரிந்தான். எதிர்ச்சாரியில் கடை விளக்கின் கீழே ஓர் ஆள் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் எண்ணினேன். பதினொன்று வந்ததும் பச்சை மனிதன் மின்னத் தொடங்கினான். பேனா முனை காகிதத்துக்கு ஒரு நூல் மேலே அப்படியே நின்றது.