சட்டைக் கையில் கோடு இல்லை

…கையில் கோடு இல்லை, அதுதான், மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், காலர் முனை உப்பாமல் படிந்திருப்பதை, பொத்தான்களைச் சுற்றிச் சுருக்கமே இல்லாததை, எல்லாவற்றுக்கும் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சட்டைக் கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை விழவேண்டிய கோடு ஐந்து சட்டைகளிலும் விழவில்லை, வீட்டில் வைத்துத் தேய்த்தால் யார் தேய்த்தாலும் அந்தக் கோடு விழும், நான் தேய்த்தாலும் விழும், விழாமல் இருக்க ஒரு கைப்பலகை வேண்டும், குழந்தையின் கை பருமனில் மேசையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, சட்டைக் கையை அதில் உறைபோல் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும், அது தையல் பட்டறைகளில்தான் இருக்கும், மாஸ்கோவில் முப்பது பேரை வைத்துக் கட்டட வேலை வாங்குகிற மேஸ்திரியின் சட்டைக்குக் கைப்பலகை எங்கிருந்து வந்தது? நான்கு நாட்களுக்கு முன்னால், பதினோரு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வந்திறங்கிய அன்று, துவைக்கப் போடலாம் என்றுதான் அவருடைய பயணப் பெட்டியைத் திறந்தேன், அழுக்குத் துணி ஒன்றுகூட இல்லை, சட்டைகள் கடையில் விற்க அடுக்கியதுபோல் ஒரே அகலத்தில் மடிந்து கிடந்தன, ஒன்றை எடுத்து விரித்து உள்பக்கம் திருப்பினேன், பழக்கம், யார் தேய்த்த துணியையும் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன், வெளிப்பக்கத்தை எல்லோரும்தான் தேய்க்கிறார்கள், தையலின் உள்மடிப்பைப் பிரித்துப் படியவைத்துவிட்டு அப்புறம் வெளிப்பக்கத்துக்கு வருகிறவள் ஆயிரத்தில் ஒருத்தி… ஒருத்தி. அந்தச் சொல் அப்போதே வந்துவிட்டது. இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் கேட்க வேண்டும், அல்லது கேட்காமல் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று.

மணி மூன்று, இன்னும் நாற்பத்தோரு உருப்படி பாக்கி, ஆறு மணிக்கு லாரி, பிஷ்கெக் நகரத்தின் இந்த ஓரத்தில் எல்லா வீடுகளின் கீழ்த்தளத்திலும் இப்போது புது வருடத்துக்கான உடுப்புகள்தான் தயாராகின்றன, எங்கோ சைபீரியாவில் எனக்குத் தெரியாத பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக் கோப்பையைத் தூக்குவார்கள், காலையில் விஸ்கோஸ் துணி, அதை இழுக்கக் கூடாது, ஈரச்சூட்டில் இழுத்தால் நீண்டுவிடும், அப்புறம் என்ன கெஞ்சினாலும் பழைய அளவுக்கு வராது, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்துத்தான் போக வேண்டும், அதற்கடுத்து பள்ளிக்கூடக் கால்சட்டைகள், கம்பளி கலந்தது, நடுவில் ஈரத்துணி போடாமல் தேய்த்தால் முழங்காலில் பளபளவென்று எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும், மதியத்திலிருந்து இந்தப் பச்சை வெல்வெட். வெல்வெட்டில் பெட்டி படவே கூடாது. பட்டால் ரோமம் படுத்து வழுக்கை விழும், வழுக்கை விழுந்த வெல்வெட்டுக்கு மருந்து கிடையாது, அதனால் உடுப்பைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு கையைக் கொடுத்து, பெட்டியை இரண்டு விரற்கடை தள்ளி அந்தரத்தில் பிடித்தபடி ஆவியை மட்டும் காட்ட வேண்டும். பட்டறைக்காரி ஜிப்பார் அக்கா படியிறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “வெல்வெட்டுன்னா உனக்கு லீவு மாதிரி, இல்ல? தேய்க்கவே வேணாம், சும்மா ஊதினாப் போதும், அதுக்கு ஏன்டி இவ்வளவு நேரம்?” நீங்க வந்து பத்து நிமிஷம் ஊதிப் பாருங்களேன் என்றேன். “நான் ஊதினா பட்டறையே பறந்துடும்,” என்று தன் பருமனைத் தானே தட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள், நல்லவள்தான், ஆனால் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே இந்தத் தொழிலுக்கு வந்தவள், அவளுக்குத் தெரியாது, மேசைமேல் ஓடும்போது பெட்டியின் கனம் மேசைக்குப் போகிறது, தூக்கிப் பிடிக்கும்போது அத்தனையும் எனக்கு. வெல்வெட் நாள் முடிந்தால் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு வாதுமைக் கொட்டை அளவுக்கு முடிச்சு விழுந்திருக்கும், சுவர் முனையில் சாய்ந்து அழுத்தினால் கொஞ்சம் இளகும். யாருக்கும் தெரியாது. இஸ்திரி வேலையா, நாளெல்லாம் நிக்கணுமே, கால் வலிக்குமே என்பார்கள், சூடு தாங்க முடியாதே என்பார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்றுவிடுவேன், விளக்கிச் சொல்லவும் தெம்பு வேண்டுமே…

மதியம் எல்லோரும் ரொட்டியும் தேநீருமாக மேலே போனபோது பையிலிருந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்தேன். காலையில் கிளம்பும்போது ஏன் அதைப் பையில் திணித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, தெரியும், தெரியாமல் என்ன, துணியில் ஆவி பட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் வாசனை எழும்பும், எத்தனை முறை துவைத்ததாக இருந்தாலும், உடுத்தியவரின் வாசனை, அவர் படுத்த இடத்தின் வாசனை, ஒரு கணம் வரும், போய்விடும். சட்டையை மேசையில் விரித்து அக்குளில் ஒரு முறை, மார்பில் ஒரு முறை ஆவியைக் கொடுத்து முகத்தைக் கொண்டுபோனேன், பின்னாலிருந்து மஹபத்தின் குரல், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் போடும் பெண், வாயை மூடவே தெரியாதவள். “என்னக்கா, மோப்பம் பிடிக்கிற? நாய்க்குட்டியா நீ?” மறைத்திருக்கலாம், நான்கு நாட்களாக மறைத்துக் களைத்துப்போயிருந்தேன், சொல்லிவிட்டேன், கைக் கோடு, உள்மடிப்பு, எல்லாம். “லாண்டரில குடுத்திருப்பாருக்கா.” இது கையில தேய்ச்சதுடி, மெஷின்ல அழுத்தினா பொத்தான் தடம் விழும், அதுவும் நாலு நிறுத்தம்னா பஸ்ஸுல ஏறாம நடக்குற மனுஷன் லாண்டரிக்கா போவாரு? “சரி, என்ன வாசனை வந்துச்சு? சென்ட்டா?” இல்லை. சென்ட் வந்திருந்தால் நல்லது. வந்தது சூடான புதுத்துணி வாசனை, காலருக்குள் ஒட்டும் பசை, ஆவிக் கொதிகலனின் இரும்பு வாசனை, இந்தக் கீழ்த்தளத்தின் வாசனை, என் தலைமுடியில் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாமல் இருக்கிற அதே வாசனை. மஹபத் ரொட்டியைக் கடித்தபடி யோசித்தாள். “அப்ப சந்தேகமே இல்ல. அவ்வளவு தூரம் போயி உன்ன மாதிரியே ஒருத்தியத்தான் பிடிச்சிருக்காரு. மனுஷனுக்கு ருசி மாறலக்கா, சந்தோஷப்படு.” சிரித்தேன், நிஜமாகவே சிரிப்பு வந்தது, அவர் கைகூட இந்தமுறை காய்ப்பே இல்லாமல் மெத்தென்று இருக்கிறது, ஏதோ களிம்பு தடவிவிடுகிறாள் போலிருக்கிறது என்றேன். “மேஸ்திரிக்குக் கை ஏன் காய்க்கணும், கத்திக் கத்தி நாக்குதான் காய்க்கணும்,” என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டுத் தன் இயந்திரத்துக்குப் போய்விட்டாள்.

முப்பத்தாறு, முப்பத்தைந்து, எண்ணிக்கை குறைகிறதே தவிர துணி குறைந்த மாதிரி இல்லை, பச்சைக்குப் பின்னால் பச்சை தொங்குகிறது, ஆவிக்குள் நிற்கும்போது அவளைப் பார்க்க முடிகிறது, மாஸ்கோவின் ஏதோ ஒரு கீழ்த்தளத்தில், எங்கள் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஓஷ்காரியா, பாத்கென்காரியா, என்ன வயது, அவளுக்கும் மாலையானால் கால் வீங்கிச் செருப்பு வார் பதிகிறதா? எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வருகிறது, அவள் என்னைவிட நன்றாகத் தேய்க்கிறாள், அதுதான் வந்து வந்து நிற்கிறது, வேலை முடிந்த பிறகு, கால் கெஞ்சும்போது, எல்லோரும் விளக்கை அணைத்துக்கொண்டு போகும்போது, ஒருவரின் ஐந்து சட்டைகளை உள்பக்கம் திருப்பி மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேய்ப்பதென்றால் அவர்மேல் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும், பதினாறு வருடத்தில் நான் ஒரு நாளாவது அவர் சட்டையை உள்பக்கம் திருப்பித் தேய்த்திருக்கிறேனா, ஊரார் துணிக்குச் செய்ததை அவருக்குச் செய்யவில்லை, வீட்டுக்குப் போனால் பெட்டியைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காது, அவசரத்துக்கு முன்பக்கம் மட்டும், மேல்கோட்டு போட்டால் முதுகு யாருக்குத் தெரியப்போகிறது… அதற்கென்று? அதற்காகவா ஒரு மனிதர் இன்னொருத்தியிடம் போவார்? தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது, அந்தப் பெட்டிய விட்டுட்டு வீட்ல இரு, மேஸ்திரி பொண்டாட்டி ஊரான் துணியத் தேய்க்கிறான்னா சிரிக்க மாட்டாங்களா? விடுகிறேன், வீட்டுக்குக் கூரை போட்டு முடியட்டும், விடுகிறேன் என்பேன், அவரும் அதற்குமேல் பேசமாட்டார், சாப்ட்டியா, பிள்ளைங்க படிக்குதா, பனி விழுந்துச்சா, அவ்வளவுதான், எட்டு வருடங்களாக ஒரே பேச்சு. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ? அதுதான் பயம், அவருக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆமாம் என்று சொல்லிவிட்டால் மகள் இருக்கிறாள், பதினான்கு வயது, சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பாள், எல்லாம் கேட்கும். கேட்கவேண்டிய வாசகத்தைக்கூட மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். யாருங்க அவ? இவ்வளவுதான். நான்கு இரவும் தொண்டை வரை வந்தது, அவர் கால்களைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு உடனே தூங்கிவிடுகிறார், பெரிய துரை மாதிரி, தூங்குகிறவரை எழுப்பி எப்படிக் கேட்பது…

ஐந்து மணிக்கு அவரே அழைத்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டேன், பெட்டியைக் கீழே வைக்க நேரமில்லை. உப்பு எங்க இருக்கு என்றார், எட்டு வருடமாக வருகிறார், உப்பு இருக்கும் இடம் தெரியாது, ஜன்னல் ஓரத்துல நீல டப்பா என்றேன். “எப்ப வருவ?” ஆறு மணிக்கு லாரி, அனுப்பிட்டுத்தான். “என்ன துணி இன்னைக்கு?” இப்படி ஒரு கேள்வியை அவர் இதற்குமுன் கேட்டதாக நினைவில்லை, பேச்சை நீட்டுவதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன், வெல்வெட், அறுபது உருப்படி, மதியத்துலேர்ந்து அதேதான் என்றேன். “ஐயோ,” என்றார், “அப்ப தோள் செத்திருக்குமே.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் கொதிகலன். ம், என்றேன். அவரும் ம் என்றார். பிறகு அவசரமாக, “சரி, உருளக்கிழங்கு உரிச்சு வெக்கறேன், நீ பாத்து வா,” என்று வைத்துவிட்டார்.

கால் என்று சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கால் என்றுதான் சொல்வார்கள், என் அம்மாவே அப்படித்தான் சொல்வாள், தோள் என்று யாருக்குத் தெரியும், நான் அவரிடம் சொன்னதே இல்லை, எந்த நாளிலும், எதைச் சொல்லியிருந்தாலும் இதைச் சொல்லவில்லை, அப்படியானால் ஒருத்தி சொல்லியிருக்கிறாள், ஏதோ ஓர் அறையில், மாலையில், முதுகைத் திருப்பிக்கொண்டு, இங்க, இல்ல கொஞ்சம் கீழ, இன்னைக்கு வெல்வெட் என்று சொல்லியிருக்கிறாள், அவர் அந்த மெத்தென்ற கையால்… அல்லது யாருமே சொல்லவில்லை. அறையில் யாருமே இல்லை. முப்பது பேரும் இல்லை, கட்டடமும் இல்லை, கைப்பலகைக்கு முன்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு ஓர் ஆள் சுவர் முனையில் முதுகைச் சாய்த்து அழுத்திக்கொண்டிருக்கிறார், ஊருக்குக் கிளம்பும்போது, எல்லோரும் போன பிறகு, தன் ஐந்து சட்டைகளை உள்பக்கம் திருப்பி ஆற அமரத் தேய்க்கிறார், மேஸ்திரி வீட்டுக்குப் போகிறாரே… இரண்டும் பொருந்துகிறது. கைக் கோடு, உள்மடிப்பு, வாசனை, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சுருக்கமில்லாமல் படிகிறது. கேட்க வேண்டியதே இல்லை. இன்றிரவு அவர் குப்புறப் படுக்கும்போது தற்செயலாகக் கை பட்டதுபோல வலது தோள்பட்டைக்குக் கீழே பெருவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும், ஒன்று வெறும் சதை இருக்கும், இல்லாவிட்டால் வாதுமைக் கொட்டை இருக்கும், எனக்கா தெரியாது அது எந்த இடமென்று. நான்கு நாட்களாக வேண்டிக்கொண்டதெல்லாம் அவள் இருக்கக் கூடாது என்றுதானே, அந்த முடிச்சு இருந்தால் அவள் இல்லை, அப்புறம் எதற்கு இப்படிப் படபடக்கிறது, அவள் இருந்தால் கத்துவதற்கு என்னிடம் வாசகம் இருக்கிறது, முடிச்சு இருந்தால் என்ன சொல்வேன், கையை எடுத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வேனா, அவரும் தூங்குவதுபோல் படுத்திருப்பாரா, ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு, முப்பது பேரைப் பார்த்துக்கங்க என்று சொல்லி அனுப்புவேனா… “கலிமா! ஏய், கலிமா, என்னடி பண்ற, புகை மண்டலமா இருக்கு!” ஜிப்பார் அக்காவின் குரல் படியிலிருந்து வந்தது, பார்த்தால் என் முன்னால் உடுப்பே தெரியவில்லை, பச்சையே தெரியவில்லை, வெறும் வெள்ளை ஆவி, எவ்வளவு நேரமாக என்று தெரியாது, என் பெருவிரல் பெட்டியின் ஆவிப் பொத்தானை அழுத்தியது அழுத்தியபடி இருந்தது, விடச் சொன்னேன், அது விடவில்லை.